விடிந்தும் விரியாத இலை

சுகிர்தா குதிகாலைக்கூடத் தூக்கவில்லை. கையை நீட்டினாள். என்றோ கட்டப்போகும் மேல்தளத்துக்காக மொட்டை மாடியின் மூலையில் விட்டு வைத்திருந்த தூண் கம்பிகளில், உயரமான ஒன்றின் உச்சியில் பச்சைப் பிளாஸ்டிக் மக்கைக் கவிழ்த்து மாட்டினாள். பின்னால் நகர்ந்து நின்று திருப்தியாகப் பார்த்தாள்.

"எட்டுனா எடுத்துக்கோ."

அன்புசெல்வனுக்கு எட்டாது. அவளைவிட அவன் ஒரு சாண் குள்ளம். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை மட்டும் செங்கல் மேல் நின்றான் என்று தெருவில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் அதை மறுத்ததில்லை.

"ஸ்டூல் போட்டு எடுப்பேன்."

"ஸ்டூலை மாடிக்குத் தூக்கினு வர்றதுக்குள்ள உனக்கே வெக்கமா பூடும். அதுக்குத்தான் அங்க மாட்னேன்."

முந்தின நாள் மாலை அவன் கையும் மக்குமாகப் பிடிபட்டிருந்தான். ஆலையிலிருந்து வந்தவன் காற்று வாங்க மாடிக்குப் போனான். சவுக்குக் கம்புகள் மேல் கட்டிய பாலிதீன் கூரைக்குக் கீழே, நான்கு வரிசையாக நின்ற கறுப்புப் பைகளில் நெல் பயிர் ஊசி ஊசியாகச் சுருண்டு கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மக் தண்ணீரை மொண்டு, ஓரத்துப் பையின் மேல் சாய்க்கப்போன நேரத்தில் பின்னாலிருந்து அவள் குரல்.

"பாவமா கீது சுகி" என்றான் இப்போதும்.

"பாவம்தான். அது எப்படித் தாங்குதுன்னு பாக்கறதுதான் என் வேலையே. நீ ஊத்திட்டா நான் எத்தப் பாக்கறது? உன் மூஞ்சியயா?"

அவள் குனிந்து, இலைகளின் மேல் படிந்திருந்த கரியைப் பவுடர் பூசும் பிரஷ்ஷால் தட்டினாள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் வெள்ளைத் துணியை மாடியில் காயப்போட மாட்டார்கள். இவள் பயிரையே காயப்போட்டிருந்தாள். பாதிப் பைகளில் சிவப்பு நூல், பாதியில் வெள்ளை நூல். இரண்டும் வெவ்வேறு ரகம். எது எந்த ரகம் என்று அவனிடம் சொல்ல மறுத்திருந்தாள். சொன்னால் அவன் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவானாம்.

கீழே வந்து இரண்டு இட்லியை நின்றுகொண்டே தின்றாள். ஹெல்மெட்டை மாட்டினாள். "வரும்போது பூண்டு வாங்கியாறேன், நீ வாங்காதே, நீ வாங்கினா சொத்தைப் பூண்டா வாங்குவே" என்றாள். தெருமுனையில் வழக்கம்போல் இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூர் பக்கத்து நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போவது அவள் தினசரி வழி. அன்றைக்கு ஸ்டேஷன் வரைக்கும்கூடப் போகவில்லை. பைபாஸின் சர்வீஸ் ரோட்டில், இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு மேல் சொல்ல வந்தவர்களை அவன் சொல்லவிடவில்லை.

*

கவரைப்பேட்டைக்கு உள்ளே, அப்பா ஜோசப்பின் ஊர்க் கல்லறையில் சுகிர்தாவை அடக்கம் செய்தார்கள். பாஸ்டர் ஜெபம் முடித்து, எல்லோரும் கைப்பிடி மண் போட்டு, வேனில் ஏறி அன்புசெல்வன் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் இறங்கியதுமே வீட்டு வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்தான்.

வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். கூடம், சமையலறை, அறை, எல்லாம் தண்ணீர் ஓடி வடிந்துகொண்டிருந்தது. பள்ளிப்பட்டிலிருந்து வந்த அத்தை சின்னப்பொண்ணுவின் கைவேலை. பிணம் வெளியேறிய வீட்டைப் பெண்கள் கழுவித் தெளிப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அன்புவின் அம்மா போன பிறகு அவனை வளர்த்தது இந்த அத்தைதான். தன் வயலில் நாற்று நடும் கூலிக்காரர்களின் சாதியிலிருந்து ஒருத்தியை அவன் கட்டிக்கொண்டான் என்று, கல்யாணத்துக்கும் வராமல், இந்த வீட்டு வாசற்படியையும் மிதிக்காமல் இருந்தவள். சாவுக்கு வந்திருந்தாள்.

வெளிப்புறத்து மாடிப்படிகளும் ஈரமாக இருந்தன. அன்பு ஒரு நொடி அதையே பார்த்தான். பிறகு ஓடினான்.

அத்தை பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பைகளுக்கு நடுவே நின்றிருந்தாள். மூன்று வரிசைப் பைகள் தொப்பலாக நனைந்து, மண் கறுத்து, அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது வரிசையில் ஆறு பைகள் மட்டும் அப்படியே வெளுத்துக் கிடந்தன.

"தொட்டியில தண்ணி தீந்துபோச்சு நைனா. மோட்டர் போடச் சொல்லு, இந்த ஆறுக்கும் ஊத்திட்டு வந்துர்றேன்" என்றாள் அத்தை.

அவன் கத்தினான். என்ன கத்தினான் என்று பிற்பாடு அவனுக்கே நினைவில்லை. தெருவில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் மேலே அண்ணாந்து பார்த்தது மட்டும் நினைவிருந்தது. குடத்தைப் பிடுங்கி எறிந்தான். அது உருண்டு, கம்பிகள் நீட்டியிருந்த தூணில் மோதி நின்றது. மேலே பச்சை மக் லேசாக ஆடியது.

அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். ஊருக்குப் போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை.

மறுநாள் காலையில் டீயைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ கீறப்ப அவ கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கல நானு. அவ வச்ச பயிராவது காயாம இருக்கட்டும்னு ஊத்துனேன். தப்பா பூட்ச்சா?"

அன்பு டீயைக் குடித்தான். சர்க்கரை அதிகம். சின்ன வயதில் அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

"தப்பா பூட்ச்சு அத்தை" என்றான்.

*

சுகிர்தாவோடு படித்த மோனிகா பண்ணையிலிருந்து வந்தாள். மாடிக்குப் போய்ப் பார்த்தாள். அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நனைந்த பைகளை எல்லாம் ஓரமாக ஒதுக்கச் சொன்னாள்.

"அதுங்க கணக்குல வராதுண்ணா. காயறது பாதியில நின்னுபோச்சு. பண்ணையில வச்ச செட்ல மத்த டெஸ்ட்டெல்லாம் முடிச்சிட்டா. நல்லாக் காஞ்ச பயிருக்குத் தண்ணி விட்டா திரும்ப எழுந்து வருதா, அந்த ஒண்ணு மட்டும்தான் பாக்கி. அதுக்காகத்தான் இங்க வச்சா. இந்தத் தளத்துச் சூடு பண்ணையில கிடைக்காதுன்னா."

"ஆறு மிச்சம் கீது."

"ஆறை வச்சு ஒண்ணும் எழுத முடியாதுண்ணா."

"எழுத வேணாம். அவ கேட்டுகினு இருந்தா. எழுந்து வருமான்னு கேட்டுகினு இருந்தா. அதுக்குப் பதிலு தெரியணும் எனக்கு. எப்பத் தண்ணி ஊத்தணும்?"

மோனிகா சொன்னது, சுகிர்தா அவனிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான். காய்கிற நெல் பகலில் இலையைச் சுருட்டிக்கொள்ளும். வெயில் போனதும் மெல்ல மெல்ல விரிக்கும். விடியலில் பார்த்தால் தட்டையாக இருக்கும். தேதியைப் பார்க்கக் கூடாது, இலையைத்தான் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க வெயிலில்லாமல் இருந்தும், என்றைக்கு விடியலில் இலை விரியாமல் கிடக்கிறதோ, அன்றைக்குத்தான் தண்ணீர். ஒரு நாள் முந்தினால் பதில் இல்லை. ரொம்பப் பிந்தினால் பயிர் இல்லை.

"சிவப்பு எது, வெள்ளை எது?" என்று கேட்டான்.

மோனிகா தயங்கினாள். "அவ சொல்லலியா உங்களுக்கு?"

"இல்ல."

"அப்ப நானும் சொல்லலண்ணா."

*

அந்த நாட்களில் அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. விடியலில் மாடிக்குப் போவான். ஆறு பைகளுக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு இலையாக விரலிடுக்கில் வைத்துப் பார்ப்பான். விரிந்திருக்கும். பவுடர் பிரஷ்ஷால் கரியைத் தட்டுவான். கீழே வருவான். மறுபடி மேலே போவான். அதற்குள் விரிந்திருந்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும்.

அவளுடைய துணிகளை மடித்து அலமாரியில் வைத்தான். அன்று மாலையே எல்லாவற்றையும் எடுத்து மறுபடி மடித்தான். ஒழுகாத குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினான். அதன் பிறகு அது ஒழுகத் தொடங்கியது. கடைக்குப் போய்ப் பூண்டு வாங்கினான். வீட்டில் பூண்டு இருந்தது. அடுத்த நாளும் வாங்கினான். ஒரு நாள் அவள் உட்காரும் மேசையைப் பார்க்க வேண்டும் என்று ரயிலேறினான். மீஞ்சூரில் இறங்கி எதிர் வண்டியில் திரும்பி வந்தான். இன்னொரு நாள் பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூர் வரைக்கும் போய்விட்டான். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் "எங்கண்ணா?" என்று கேட்டதும் திரும்பி நடந்து, வந்த வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஆலையில் ஷிஃப்ட் இருந்த நாட்கள்தான் கொஞ்சம் தேவலை. அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் அவன் பாய்லர் ஆபரேட்டர். நெருப்புக்கு முன்னால் நிற்பவனிடம் யாரும் வந்து ஆறுதல் சொல்வதில்லை.

ஒரு நாள் காலை அவன் நான்காம் முறையாகப் படியேறியபோது அத்தை அங்கே இருந்தாள். குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் எதுவும் இல்லை என்பதை அவன் கண் முதலில் உறுதி செய்துகொண்டது.

"தொடல நைனா. சும்மா பாத்துகினுகீறேன்" என்றாள். பிறகு, "இன்னாதான்டா பாத்தா அவ இதுல? காஞ்சா சாவும். தண்ணி வுட்டா பொழைக்கும். இதுக்கு ஒரு படிப்பா?"

"எல்லாக் காஞ்ச பயிரும் சாவறதில்லையே அத்தை. உன் வயல்ல ஒரே தண்ணியில ஒரு பாத்தி நிக்கும், ஒரு பாத்தி பூடும். பாத்ததில்லையா?"

"அது மண்ணு."

"பயிருக்குள்ளயும் கீது."

அவனுக்குச் சுகிர்தா ஆலைக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். பாய்லருக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும், அவள் பொரி தின்றுகொண்டே கேட்டாள்: அட்டை ஓடற மெஷின் திடீர்னு நின்னுட்டா இந்த நீராவி எங்க போவும்? நெருப்பை உடனே அணைக்க முடியாது, உள்ளே எரிவது எரிந்துகொண்டுதான் இருக்கும், அழுத்தம் ஏறும் என்றான் அவன். அப்ப? வெண்ட்டைத் திறந்து நீராவியை வானத்துக்கு விட்டுடுவோம் என்று சொல்லி, திறந்தும் காட்டினான். காது கிழிகிற சத்தம். கூரைக்கு மேல் வெள்ளையாக எழுந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டபோது அவள் பொரியைக் கொட்டிவிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இதான்! இத்தத்தான் நான் படிச்சினுகீறேன்! இது உனக்குத் தெரியுமா, இவ்ளோ நாளா ஏன் சொல்லல?" அவன் என்னத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

அதை அத்தைக்குத் தன்னால் ஆனவரை சொன்னான்.

"இலையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டி பாய்லர் ரூம் மாதிரி கீதாம். மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. சாப்பாட்ட எரிச்சு, பயிரு வளர்றதுக்குச் சக்தி குடுக்கும். தண்ணி இல்லன்னா பயிரு வளர்றத நிறுத்திடும். ஆனா வெயில நிறுத்த முடியாதே. அடிச்சினே கீது. உள்ள சேர்ந்துகினே போவும். எங்கயாவது வுடலன்னா, அதுவே உள்ளயே எல்லாத்தையும் அரிச்சிடும். அதுக்கு ரெண்டாவதா ஒரு பைப்பு மாதிரி வச்சுகீதாம். அதுல போனா சக்தி கிடைக்காது. வெறும் சூடா வெளிய பூடும். ஒரு ரகத்துல அந்தப் பைப்பு நல்லாத் தொறக்குது, இன்னொண்ணுல சரியா தொறக்கல. நல்லாத் தொறக்கறது திரும்ப எழுந்து வரும்னு சொன்னா."

"அப்ப எரியுது, ஆனா வேல ஒண்ணும் ஆவல."

"ஆவாது."

"வீணா எரிச்சினு கீது."

"வீணு இல்ல அத்தை. எரிச்சாதான் உள்ள கீறது கெடாம நிக்கும்."

அத்தை இலையை விட்டு அவனைப் பார்த்தாள். கலைந்த தலை, மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தான், படியேறி ஏறி வெடித்த குதிகால்.

"நீயும் இந்தப் பயிராட்டம்தான் பண்ணினுகீற" என்றாள். "ராப்பகலா நடக்கற. கொழாய அவுக்கற, மாட்டற. ஊட்ல ஏழெட்டு நாளைக்குப் பூண்டு கெடக்குது. நாஷ்டா மட்டும் துன்ன மாட்டேங்கற. வா கீழ."

அன்றைக்கு அவன் மூன்று தோசை தின்றான்.

*

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. இலைகள் காலை எட்டு மணிக்கே சுருண்டுகொண்டன. கீழ்ப்பக்கத்து இலைகள் நுனியிலிருந்து பழுத்தன. ஆனாலும் விடியலில், மேலே இருந்த இளம் இலை பிடிவாதமாக விரிந்தது. இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று சொல்லிக்கொண்டு அவன் ஷிஃப்டுக்குப் போனான்.

அன்றைக்கு மதிய ஷிஃப்ட். சாயங்காலம் டீ வந்த நேரத்தில் பாய்லர் ரூமுக்கு வெளியே வந்தவன் கிழக்கே பார்த்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு மேல் வானம் மையாக இருண்டிருந்தது. புழுதிக்காற்று ஒன்று ஆலைக்குள் நுழைந்து அட்டைத் துண்டுகளைச் சுழற்றி எடுத்துப் போனது.

பாலிதீன் கூரையின் ஒரு மூலைக் கயிறு இற்றுப் போயிருந்தது. அதைச் சுகிர்தா இருக்கும்போதே பார்த்திருந்தான். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றியவன் அந்தக் கயிற்றை மாற்றவில்லை.

பாய்லரை விட்டு ஆபரேட்டர் நகர முடியாது. போனை எடுத்தான்.

"அத்தை, மழை வருது!"

"ஆமா நைனா, இங்கயும் காத்து தூக்குது. வரட்டும், வெக்க தணியும்."

"ஐயோ அத்தை, பை! பை நனையக் கூடாது! தெருப் பக்கத்து மூலையில கயிறு இத்துப்போச்சு. காத்துக்கு ஷீட்டு பறந்துரும். பையத் தூக்கிக் கீழ வைக்கலாம்னா உன்னால முடியாது, மண்ணு கனம்..."

"கயிறு எங்க கீது?"

"பாத்ரூம் மேல பரண்ல. இல்ல, இல்ல, அந்தக் கயித்த நான் குழாய்க்குக் கட்டிட்டேன்..."

"சரி வுடு. வை போன."

மழை விழுந்த வேகத்தில் மின்சாரம் போனது. அட்டை மெஷின் இழுத்து நின்றது. அழுத்தம் காட்டும் முள் ஏறியது. அன்பு வெண்ட்டைத் திறந்தான். நீராவி கூரையைத் தாண்டிக் கொட்டுகிற மழைக்குள் எழுந்தது. அந்தச் சத்தத்தில் அவனுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அது நல்லதாகவும் இருந்தது. பிறகு அடுத்த ஷிஃப்ட் சாம்சனுக்குப் போன் போட்டான். சாம்சனுக்கு வீடு ஆலைக்குப் பக்கத்துத் தெரு. ஏன், எதற்கு என்று கேட்காமல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு முன்னதாகவே வந்தான்.

"இன்னாண்ணா, ஊட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"நெல்லு" என்றான் அன்பு.

சாம்சன் அவன் முகத்தைப் பார்த்தான். "போ, நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவன் வீடு சேரும்போது மின்சாரம் திரும்பி, தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மழை தூறலாகியிருந்தது. படிகளில் தண்ணீர் அருவி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து மேலே ஏறினான்.

அத்தை தெருப் பக்கத்து மூலையில் நின்றிருந்தாள். சவுக்குக் கம்பை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். பாலிதீனின் முனையை முறுக்கி மற்றொரு கையின் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். காற்று இழுக்கும்போதெல்லாம் அவள் உடம்பும் சேர்ந்து போய்த் திரும்பியது. புடவை தொப்பலாக நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் முகத்தில் வழிந்தது. துடைக்கக் கை இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கூரைக்குக் கீழே, ஆறு பைகளைச் சுற்றிச் சின்னதாக ஒரு சதுரம் மட்டும் உலர்ந்து கிடந்தது.

"ஒரு சொட்டு உள்ள போவல நைனா" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே. "நீயே தொட்டுப் பாத்துக்கோ."

அவன் பைகளைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டிலிருந்து பாலிதீனை அவிழ்த்தான். சுற்றியிருந்த இடம் சிவந்து பள்ளமாகியிருந்தது.

"இன்னா மாதிரி பேஜாரு புடிச்ச வேல குட்த்துட்டுப் பூட்டா உன் பொண்டாட்டி" என்றாள் அத்தை. "ஒலகத்துல எல்லாரும் பயிருக்குத் தண்ணி எறைப்பாங்க. நான் மழையத் தடுத்துகினு நிக்கறேன். எங்க ஊர்ல யாராவது பாத்தா என்னைக் கட்டிப் போட்டுருவாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்து, வேறு ஏதோவாக மாறியது. அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடக்கத்தன்றுகூட அவன் அப்படி அழவில்லை. அத்தை பக்கத்தில் வரவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்தாள், மறுபடி பிழிந்தாள், அவன் ஓயும்வரை பிழிந்துகொண்டிருந்தாள்.

*

மழை ஈரக் காற்றில் இலைகள் இரண்டொரு நாள் நன்றாக விரிந்தன. அன்புக்கு அது ஏமாற்றமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு வெயில் பழையபடி வந்தது. முன்னைவிடக் கடுமையாக வந்தது.

ஒரு விடியலில் அவன் போய்க் குந்தியபோது இளம் இலை சுருண்டிருந்தது. வெயில் வரவில்லை. கிழக்கே ஆலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் இப்போதுதான் சாம்பல் நிறமாகியிருந்தது. காத்திருந்தான். இலை அசையவில்லை. ஆறிலும் அப்படித்தான். சிவப்பு நூல், வெள்ளை நூல் என்று எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அவன் தன்னை நம்பவில்லை. "அத்தை!" என்று கூப்பிட்டான்.

அவள் வந்து, குனிந்து, இலையை விரல் நகத்தால் பிரிக்கப் பார்த்தாள். அது பிரியாமல் மறுபடி சுருண்டுகொண்டது.

"இன்னைக்கு விரியாது நைனா" என்றாள்.

சமையலறையிலிருந்து சொம்பும் வாளியும் கொண்டுவந்தான். வாளியில் தண்ணீர் பிடித்தான். பையின் அடியில் சொட்டும்வரை ஊற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்பது சுகிர்தாவின் கணக்கு. சொம்பை மொண்டான். முதல் பைக்கு முன்னால் நின்றான். இத்தனை நாளும் ஊற்றக் கூடாது என்பதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். இதை ஊற்றிவிட்டால், அவள் விட்டுப்போன வேலை எதுவும் அவனுக்குப் பாக்கி இருக்காது.

சொம்பை அத்தையிடம் நீட்டினான்.

"நீ ஊத்து."

"நானா?"

"ம்."

அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெடித்த மண்ணில் தண்ணீர் முதலில் நிற்காமல் பிளவுகளுக்குள் ஓடியது. பிறகு மெல்ல ஊறியது. அவள் அவசரப்படவில்லை. ஒரு பை சொட்டிய பிறகே அடுத்த பைக்குப் போனாள். ஆறும் முடிந்ததும், குனிந்தபடியே, யாருக்கோ சொல்வது போல் "குடிம்மா" என்றாள்.

அன்பு படியில் போய் உட்கார்ந்தான். வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

*

அதன் பிறகு பார்ப்பதைத் தவிர வேலையில்லை. சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. எல்லாம் வைக்கோல் போலவே நின்றன. அன்பு நம்பிக்கை இழந்து, விடியலில் போகாமல் ஒரு நாள் தூங்கியே விட்டான். அன்றைக்கு அத்தைதான் வந்து எழுப்பினாள்.

ஒரு பையில், காய்ந்த இலைகளுக்கு நடுவிலிருந்து, குத்தூசி மாதிரி ஒரு பச்சை. சிவப்பு நூல்.

மறுநாள் இன்னொரு சிவப்பு. மூன்றாவது சிவப்புப் பை அசையவே இல்லை. அதை அவன் தினமும் முறைத்துப் பார்த்தான். வெள்ளை நூல் கட்டிய இரண்டு பைகளில் தண்டை ஒடித்தால் சடக்கென்று ஒடிந்தது. மூன்றாவதில் தூரிலிருந்து மஞ்சளாக ஒரு முளை தலைகாட்டி, அங்கேயே நின்று, பிறகு கருகியது.

ஞாயிற்றுக்கிழமை மோனிகா வந்தாள். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, போட்டோ எடுத்தாள்.

"எது?" என்றான் அன்பு.

"ஆறு பையை வச்சு..."

"தெரியும்மா. ஒண்ணும் சொல்லக் கூடாது. எனக்கு மட்டும் சொல்லு. ரெண்டாவது பைப்பு நல்லாத் தொறக்கற ரகம் எது? செவப்பா, வெள்ளையா?"

மோனிகா எழுந்து நின்றாள். நூலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"செவப்புண்ணா."

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அவ சொன்னா மாதிரிதான?"

"மூணுல ரெண்டும்மா. அதை வச்சு ஆமான்னு சொல்லக் கூடாது. வர்ற பட்டத்துல பண்ணையில முழு செட் வச்சுப் பாக்கறோம், சுகி பேர்லயே." மோனிகா போனைக் கைப்பையில் போட்டாள். "ஆனா அவ இப்ப இங்க இருந்திருந்தா, குதிச்சிருப்பா."

அன்பு அந்த இரண்டு பச்சைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். பசிப்பது போல் ஏதோ ஒன்றுதான் இருந்தது. ஓடிப்போய் யாரிடமோ சொல்ல வேண்டும் போல் கால் பரபரத்தது. சொல்ல வேண்டிய ஆள் இல்லை என்பது, இத்தனை நாள் தெரிந்ததைவிட, அந்த நிமிடத்தில் முழுசாகத் தெரிந்தது.

"இனிமே இதுங்களுக்குத் தாராளமா தண்ணி விடலாம்ணா" என்றாள் மோனிகா. "விதை வர்ற வரைக்கும் காய விடாதீங்க. அடுத்த செட்டுக்கு இந்த விதையும் சேர்த்துக்கறேன்."

"ஒதுக்கி வச்ச பதினெட்டும் கீது, அதுங்களுக்கும் சேத்தே ஊத்திடறேன்" என்றாள் அத்தை. அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாளியை நிரப்பி வைத்தாள். "சொம்பால மொண்டு மொண்டு எப்ப முடிக்கறது? அந்த மக்க எடுத்துக் குடு நைனா. இன்னாத்துக்கு அத்தப் போயி அவ்ளோ ஒசரத்துல மாட்டி வச்சிகீற?"

அன்பு மூலைத் தூணுக்குப் போனான். கம்பிக்குக் கீழே நின்று கையை நீட்டினான். குதிகாலைத் தூக்கினான். விரல் நுனிக்கும் மக்கின் விளிம்புக்கும் இடையில் அரைச் சாண் இருந்தது.

"ஸ்டூல் எடுத்தாரட்டுமாண்ணா?" என்றாள் மோனிகா.

"வேணாம்மா. சொம்பு போதும்."

கையை இறக்கினான். வெயிலில் ஒரு பக்கம் வெளுத்துப்போய், மக் கம்பியின் உச்சியில் கவிழ்ந்தபடியே இருந்தது. அவனுக்கு எட்டவில்லை.